குவாண்டுவின் வண்டியில் போன கோழி

பதினான்கு வருஷமாக நம்குந்தாவின் கையால் சாப்பிட்ட சுற்றுலாக்காரர்கள் ஒருத்தரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்ததில்லை. ஆப்பிரிக்காவில் மாரா ஆற்றை ஒட்டிய கூடார முகாம்களில் இது ஊரறிந்த விஷயம். சிங்கம் பார்க்க வந்தவர்கள் சிங்கத்தைப் பார்க்காமல் திரும்பியது உண்டு. ஆனால் கழிப்பறைக் கதவையே பார்த்துக்கொண்டு மூன்று நாள் கழித்தவர்கள் அவள் முகாமில் கிடையாது. அந்தப் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்சம் கர்வமாகவே நடந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆகஸ்டில் பெயர் ஆட்டம் கண்டது. முதலில் ஒரு அமெரிக்க வாத்தியாரும் அவர் மனைவியும் படுத்தார்கள். பயணக் களைப்பு என்று சொல்லிச் சமாளித்தாயிற்று. பத்து நாள் கழித்து ஹாலந்துக்காரர்கள் மூன்று பேர் ஒரே இரவில் படுத்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் களைப்பு வருமா? மேலாளர் கிலேயோ சமையல் கூடாரத்துக்கே வந்துவிட்டார். அவர் அங்கே வருவது கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, ஆடு வெட்டும்போது ஒரு தடவை.

"நான் உன்னை நம்புறேன், நம்குந்தா. ஆனா அருஷாவுல இருக்கிற தலைமை ஆபீஸ் என்னை நம்பணுமே. இன்னும் ஒரே ஒரு ஆள் படுத்தாலும் சமையலுக்கு வேற ஆளை அனுப்புறேன்னு சொல்லிட்டாங்க."

அவள் தலையாட்டினாள். அவர் போன பிறகு உலைநீர் கொதிக்கும் பாத்திரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பரே மலையில் இருக்கிற வீட்டுக்கு வேலை போய்த் திரும்புவதுகூடப் பரவாயில்லை. விருந்தாளிக்கு விஷம் வைத்தவள் என்ற பெயரோடு எந்த முகாமின் அடுப்பங்கரையில் போய் நிற்பது? 

முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள், அதில் ஓரவஞ்சனை செய்யவில்லை. குடிக்கிற தண்ணீரைத் தானே கொதிக்க வைத்துத் தானே வடிகட்டினாள். தக்காளியும் கீரையும் மருந்துத் தண்ணீரில் இருபது நிமிஷம் கிடக்க வேண்டும். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடாரங்களில் பல் தேய்க்க வைக்கும் ஜாடிகளை மோந்து பார்த்தாள். கை கழுவ நீர் ஊற்றும் ஆட்களின் நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தூக்கி வைத்துக்கொள்ளட்டும்.

எங்கேயும் பிசகில்லை. அப்படியென்றால் பிசகு அவள் கைக்கு அப்பால் நடக்கிறது.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே யோசித்தாள். வாத்தியார் தம்பதி எப்போது படுத்தார்கள்? வில்டபீஸ்ட் என்கிற காட்டுமாட்டுக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க நாள் முழுக்க வெளியே போய்வந்த அன்று ராத்திரி. ஹாலந்துக்காரர்கள்? அவர்களும் அப்படியே. முகாமில் உட்கார்ந்து சாப்பிட்ட நாளில் யாருக்கும் ஒன்றுமில்லை. மதியத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போன நாளில்தான் வினை. பெட்டியில் என்ன போகிறது? வறுத்த கோழித்தொடை ஒன்று, அவித்த முட்டை, வாழைப்பழம், ஒரு துண்டு கேக், பழரசம். எல்லாம் அவள் கட்டியது. ஆனால் அந்த இரண்டு நாளும் இரண்டிரண்டு வண்டி போயிற்று. ஒரே கோழி, ஒரே முட்டை. ஒரு வண்டிக்காரர்கள் திரும்பி வந்து ஆடிப் பாடினார்கள். இன்னொரு வண்டிக்காரர்கள் சுருண்டு படுத்தார்கள்.

சுருண்டவர்கள் இரண்டு தடவையும் குவாண்டுவின் வண்டி.

சீவிய கிழங்கு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

குவாண்டு அந்த முகாமின் மூத்த ஓட்டுநர். கராட்டு ஊர்ப்பக்கத்து இராக்கு இனத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். தன் வண்டியில் ஏறுகிறவர்களைப் பெற்ற பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்வார். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடியுங்கள் என்று நச்சரிப்பார். நீலச்சட்டை போட்டு வந்தால் கடிக்கிற ட்செட்சி ஈ மொய்க்கும் என்று திருப்பி அனுப்பி மாற்றிவரச் சொல்வார். புழுதிக்கு ஈரத்துண்டு, முதுகுக்குத் தலையணை, வெயிலுக்குக் கூடுதல் தொப்பி எல்லாம் வண்டியிலேயே இருக்கும். யாராவது நெளிந்தால் "மருந்து தோண்டப் போகலாமா?" என்று கேட்டு வண்டியை நிறுத்துவார். ஒதுங்குவதற்கு அந்தப் பக்கத்தில் சொல்லும் பேச்சு அது. முதலில் தானே இறங்கி, புதரைக் கம்பால் தட்டி, பாம்பும் எருமையும் இல்லை என்று பார்த்த பிறகுதான் ஆளை அனுப்புவார்.

இத்தனை நாள் இதையெல்லாம் பார்த்து நம்குந்தா மெச்சிக்கொண்டிருந்தாள். இப்போது அதே அக்கறை உறுத்தியது. பெற்ற தாயே இப்படித் தாங்கமாட்டாள். இந்த ஆளுக்கு என்ன வந்தது?

துணைச் சமையல்காரி சிஃபூனியிடம் வாய்விட்டுச் சொன்னாள். சிஃபூனியிடம் ஒன்றைச் சொல்வதும் ஆற்றங்கரையில் தமுக்கடிப்பதும் ஒன்று. ஆனால் நம்குந்தாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சிஃபூனி கதவுத்துணியை இழுத்து மூடிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அவர் கொழுந்தியா ஒருத்தி கராட்டுல ஒரு லாட்ஜுல சமைக்கிறா. ஜூன் மாசம் பாஸ்கிட்ட அவளுக்கு இங்க வேலை கேட்டார். என் காதால கேட்டேன்."

"பாஸ் என்ன சொன்னாரு?"

"சமையலுக்கு ஆள் இருக்கே, இடம் காலியானா பாக்கலாம்னாரு."

இடம் காலியானால். நம்குந்தா அந்த இரண்டு சொல்லை வாயில் போட்டு மென்றாள். சிஃபூனி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து மனசுக்குள் 'அண்ணே' உதிர்ந்துவிட்டது. நேரில் பார்த்தால் பழையபடி அண்ணே, உள்ளுக்குள் வெறும் குவாண்டு. அவர் இஞ்சிச் சாயா கேட்டு வந்தால், என்றுமில்லாமல் ஏன் அடுப்புப் பக்கம் நிற்கிறார் என்று தோன்றியது. கோழி எப்போது வறுப்பாய் என்று கேட்டார் ஒருநாள். ஓட்டுநருக்கு எதற்குக் கோழிக் கணக்கு? தாளில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றுகிறாயே, நல்லது என்றார் இன்னொரு நாள். நல்லதாமே! யாருக்கு நல்லது?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

அடுத்த வாரம் டென்மார்க்கிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் பிர்கித் என்ற வயசான அம்மாள் எல்லாரோடும் சிரித்துப் பேசுகிறவள். ஓய்வுபெற்ற தபால்காரியாம். குவாண்டு அந்த அம்மாளுக்கு வண்டியில் ஏற ஒரு சின்ன முக்காலி செய்து வைத்திருந்தார். அவர்கள் ஆற்றைப் பார்க்கப் போகும் நாள் குறிக்கப்பட்டது. முதல் நாள் மாலையே நம்குந்தா கோழியை வறுத்து, உடனே ஐஸ் மேல் பரப்பி ஆறவிட்டு, கேஸ் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில் தொங்கியது. விடியற்காலையில் சில்லென்ற துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினாள். அருஷாவில் பயிற்சி எடுத்தபோது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான் அழியாமல் நின்றது: சூடாக இருக்கட்டும், இல்லை சில்லென்று இருக்கட்டும், நடுவில் மட்டும் இருக்கக் கூடாது. நடுவில் இருப்பது பிசாசின் வீடு.

பெட்டிகளைக் குவாண்டுவிடம் கொடுத்து, வண்டியின் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னாள். அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். அவள் அடுப்புப் பக்கம் போவதுபோல் போய், குளியலுக்கு வெந்நீர் காயும் பீப்பாய்களின் பின்னால் ஒதுங்கி நின்றாள். கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. புகை கண்ணைக் கரித்தது. அவள் இமைக்கவில்லை.

குவாண்டு வண்டியின் பின்கதவைத் திறந்தார். பக்கவாட்டில் பார்த்தார். கூடாரங்களின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கோழிப் பொட்டலங்களை மட்டும் எடுத்து, தன் சிவப்புக் கம்பளியில் போட்டுச் சுருட்டினார். பெட்டிகளைப் பழையபடி மூடினார். கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்பக்கம் போய் ஓட்டும் இடத்துக்குள் எங்கேயோ வைத்தார்.

 நம்குந்தாவுக்கு ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. கோழியை எடுத்துக்கொண்டு, வழியில் பழசு எதையோ உள்ளே வைக்கிறான். நல்லதைத் தின்கிறான், கெட்டதைக் கொடுக்கிறான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அப்போதே கத்தியிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஆனால் கத்தினால் என்ன சொல்வார்? இடம் மாற்றி வைத்தேன் என்பார். பாஸ் தலையைச் சொறிவார். விஷயம் அமுங்கிப்போகும். பழி மட்டும் சமையல்கட்டிலேயே கிடக்கும். இன்று ஒருத்தர் படுக்கட்டும், நாளைக்கு ஒரே அடி என்று கணக்குப் போட்டாள். பிர்கித் அம்மாள் முக்காலியில் கால் வைத்து ஏறி, அவள் நின்ற பக்கம் பார்த்துக் கையாட்டினாள். நம்குந்தாவும் கையாட்டினாள். வண்டி போய்விட்டது.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. சப்பாத்தி இரண்டு தடவை கருகியது. மாலையில் வண்டி திரும்பியதும், குவாண்டு கைகால் கழுவப் போன நேரம் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு இருக்கைக்கு நடுவில், கியர்ப் பெட்டிக்கு மேலே மேடாக இருக்கும் இடத்தில் கம்பளி மடித்துக் கிடந்தது. எடுத்து மோந்தாள். கோழிக்கொழுப்பு வாடை, அவள் போடும் எலுமிச்சையும் பூண்டும் கலந்த வாடை. மடிப்பில் கிழிந்த தாள் துணுக்கு ஒன்று மின்னியது. அதை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் சிஃபூனி ஓடிவந்தாள். பிர்கித் அம்மாள் ராத்திரியிலிருந்து எட்டு தடவை போய்விட்டாளாம். அவள் கூடாரத்தில் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கும் வாந்தியாம்.

நம்குந்தா நேரே கிலேயோவிடம் போனாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கொழுந்தியாள் கதை, விடியற்காலைக் கம்பளி, கொழுப்பு வாடை. தாள் துணுக்கை மேஜை மேல் வைத்தாள். எவ்வளவு நேரம் பீப்பாய்க்குப் பின்னால் நின்றாள் என்பதைச் சொன்னாள். ஏன் வெளியே வரவில்லை என்பதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அருஷாவுக்குச் சொல்ல ஒரு பெயர் கிடைத்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

குவாண்டுவைக் கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெட்டியிலேருந்து கோழியை எடுத்தியா?"

"எடுத்தேன், பாஸ்."

"எங்க வச்ச?"

"முன்னால, என் பக்கத்துல."

"எதுக்கு?"

குவாண்டு நம்குந்தாவைப் பார்த்தார். கோபப் பார்வையாக இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. எதையோ அவள் சொல்வாள் என்று காத்திருக்கிற பார்வை. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவங்க கோழியை அவங்கதான் சாப்பிட்டாங்க. நான் ஒரு வாய்கூட தொடல," என்றார். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை.

விருந்தாளிகளைக் கேட்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால், எங்கள் ஓட்டுநர் உங்கள் சாப்பாட்டில் கைவைத்தாரா என்று நாமே போய்த் தமுக்கடித்த மாதிரி ஆகும் என்று கிலேயோ நினைத்தார். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். காய்கறி கொண்டுவந்த லாரி இரண்டு மணிக்குத் திரும்புகிறது, அதில் ஏறிப் போய்விடச் சொன்னார். குவாண்டு சாவியை மேஜை மேல் வைத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

நம்குந்தா ஜெயித்துவிட்டாள். அடுப்பங்கரைக்குத் திரும்பியபோது சிஃபூனி ஒரு கோப்பை சாயா போட்டு நீட்டினாள். நம்குந்தாவுக்கு அது இறங்கவில்லை. எதற்கு அப்படிப் பார்த்தார்? ஒரு திருடன் அப்படியா பார்ப்பான்? சந்தேகம் என்கிற பழக்கம் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் வேலை முடிந்தது என்று இறங்கிப்போவதில்லை. இப்போது அது அவளையே சுற்றி வந்தது.

நோயாளிக்குக் கஞ்சித்தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு, ஆற்றி, தானே எடுத்துக்கொண்டு போனாள். பிர்கித் அம்மாள் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஒரு வாய் குடிப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள். நம்குந்தாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்குப் போதுமாக இருந்தது. உங்கள் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள் என்றாள் அம்மாள். நேற்றைய கோழி அவ்வளவு ருசி. இதோடு நான்கு தடவை ஆப்பிரிக்காவுக்கு வந்திருக்கிறாள். எல்லா இடத்திலும் மதியப் பெட்டியில் கல்லு மாதிரி ஆறின கோழி. இங்கேதான் வெதுவெதுப்பாகக் கிடைத்தது. குவாண்டு இன்ஜின் சூட்டில் கம்பளி சுற்றி வைத்து, மதியம் ஒரு மணிக்கு ஒவ்வொருத்தர் கையிலும் தந்தாராம்.

நம்குந்தா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவரைக் கேட்டேன், இது என்ன ஏற்பாடுன்னு," என்றாள் பிர்கித் அம்மாள். "எங்க சமையல்காரம்மா விருந்தாளிக்கு ஆறின சோறு போட மாட்டாங்க, அவங்களுக்காகத்தான்னு சொன்னார். உங்களுக்கு என் நன்றி."

காலை ஆறு மணியிலிருந்து மதியம் ஒரு மணி. ஏழு மணி நேரம் கம்பளிக்குள் வெதுவெதுப்பாக. பிசாசின் வீட்டில் ஏழு மணி நேரம். நம்குந்தாவுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. போகும்போது ஒருத்தர் விருந்தினர் நோட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார், மதியக் கோழி பிணம் மாதிரி சில்லிட்டிருந்தது என்று. கிலேயோ அதை எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே படித்தார். அவள் சமையல் கூடாரத்துக்குள் வந்து மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டில் வந்தவர்களுக்கு ஆறின சாப்பாடு போட்டால் என் அம்மா ஒரு வாரம் தெருவில் தலைகாட்டமாட்டாள், இங்கே தினம் தினம் என்னை அந்தக் காரியத்தைச் செய்ய வைக்கிறார்களே என்று புலம்பினாள். ஒரே ஒரு நாளாவது என் கோழியைச் சூடாக அவர்கள் கையில் கொடுக்க இந்தக் காட்டில் ஒருத்தரும் இல்லையா என்றாள். மூலையில் குவாண்டு சாயா குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அதைக் கேட்டுக்கொண்டு போன ஆள்தான் கம்பளியை எடுத்தார். அவள் சொன்னது அழுகைப் பேச்சு. அவர் எடுத்துக்கொண்டது கட்டளையாக.

லாரி முகாமின் வாசலில் நின்றது. மணி ஒன்றரை. குவாண்டு ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை, அதன்மேல் சிவப்புக் கம்பளி. நம்குந்தா ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஏன் அண்ணே பாஸ்கிட்ட சொல்லல?"

"சொன்னா யாரு சொல்லிச் செஞ்சேன்னு கேப்பாரு," என்றார் அவர். "அருஷாவுக்குக் காட்ட ஒரு ஆள் வேணுமே, உன்னைத்தான் இந்த லாரில ஏத்துவாரு. எனக்கு வேற வண்டி கிடைக்கும், தங்கச்சி. உனக்கு வேற அடுப்பு கிடைக்குமா?"

"உங்களைத் திருடன்னு சொன்னவ நான்."

"தெரியும். பாஸ் பக்கத்துலதானே நின்ன."

கொழுந்தியாளுக்கு வேலை கேட்டீர்களே என்று தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டும்விட்டாள். அவர் அப்போதுதான் லேசாகச் சிரித்தார். உனக்கு ஒத்தாசைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று நீயே கேட்டுக்கொண்டிருந்தாயே, அதற்குத்தான் கேட்டேன் என்றார்.

அவள் லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, அந்தச் சூடுதான் கோழியைக் கெடுத்துச்சு. வெதுவெதுன்னு அவ்வளவு நேரம் இருக்கக் கூடாது. அதைத் தின்னுதான் எல்லாரும் படுத்தாங்க."

குவாண்டுவின் முகம் மாறியது. அதுவரைக்கும் அவர் தன்னைக் குற்றமற்றவர் என்றே நினைத்திருந்தார், பாவம்.

"சூடு கெடுக்குமா?" என்றார் மெல்ல. "எங்க வீட்டுல சூடாத்தானே தருவோம்." பிறகு கம்பளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அந்த அம்மாவுமா என்னாலதான்?"

 ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் நம்குந்தாவின் வேலை தப்பும். இப்படியே எழுந்து அடுப்பங்கரைக்குப் போனால், லாரி கிளம்பிவிடும். சமையல்கட்டு அவளுடையது, பதினான்கு வருஷப் பெயரும் அவளுடையது. குவாண்டுவே அப்படித்தான் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். யாருக்கும் தெரியப்போவதில்லை. பிர்கித் அம்மாள்கூட நன்றிதான் சொன்னாள்.

ஆனால் பீப்பாய்களுக்குப் பின்னால் நின்றது அவள். அவர் தெரியாமல் செய்தார். அவள் தெரிந்தே கையாட்டினாள்.

"இல்லண்ணே. அந்த அம்மா என்னாலதான்," என்றாள். எழுந்து போனாள்.

கிலேயோ மதியச் சாப்பாட்டில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜூன் மாதம் அழுததைச் சொன்னாள். கோழியை எடுப்பதைக் கண்ணால் பார்த்தும், ஒருத்தர் படுக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றதைச் சொன்னாள்.  கிலேயோ கரண்டியைக் கீழே வைத்தார். பெரிய மனசுக்காரர் இல்லை அவர், கெட்டவரும் இல்லை. இரண்டு மணி லாரியில் ஒருத்தரை அனுப்புவதாக அருஷாவுக்குச் சொல்லிவிட்ட மனுஷன், அவ்வளவுதான்.

"இதை ஏன் இப்ப வந்து சொல்ற? அது பாட்டுக்கு முடிஞ்சிருக்குமே," என்றார்.

"முடியல, பாஸ்."

 ஓட்டுநர் இல்லாமல் நாளைக்கு ஆறு பேரை யார் கூட்டிப்போவது, சமையலைச் சிஃபூனி எப்படியாவது தள்ளிவிடுவாள் என்று அவர் மனசுக்குள் கணக்கு ஓடியது முகத்திலேயே தெரிந்தது. அருஷாவுக்குப் போய் நீயே உன் வாயால் சொல், மறுபடி கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர்கள் இஷ்டம் என்றார். சாவியை எடுத்து, குவாண்டுவிடம் கொடுக்கச் சொல்லி அவளிடமே நீட்டினார்.

பை கட்டக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. குளிர்பெட்டிச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துச் சிஃபூனியிடம் கொடுத்தாள். சிஃபூனி அழுதாள். அழுதுகொண்டே சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குவாண்டு லாரியிலிருந்து இறங்கி நின்றார். நம்குந்தா வண்டிச் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் சமையல் கூடாரத்தின் பக்கம் வேகமாக நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தாள். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. லாரி உறுமத் தொடங்கியது.

அவர் ஓடி வந்தார். கையில் ஒரு பொட்டலம். கம்பளி இல்லை, ஒன்றுமில்லை, வெறும் அலுமினியத் தாள். ஜன்னல் வழியாக நீட்டினார். அதன் மேல் முத்து முத்தாக நீர் பூத்திருந்தது.

"சில்லுன்னு இருக்கு, தங்கச்சி. இப்பத்தான் பெட்டியத் திறந்து எடுத்தேன். வச்சிருக்காத, உடனே சாப்பிடு."

அவள் வாங்கிக்கொண்டாள். ஆறின சாப்பாட்டை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தாளைப் பிரித்தாள். முதல் கடியில் பல் கூசியது. இன்னொரு கடி கடித்தாள். லாரி கிளம்பியது.